எங்கள் சர்வரில் இருந்த ரத்தப் பட்டியல்

எங்கள் கம்பெனியில் மொத்தம் இரண்டே பேர். நானும், தனுவச்சபுரத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த என் தோழியும். பாறசாலையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அறையில் பதினொரு வருடம் அதை நடத்தினோம். மாடிப்படி ஏறும்போதே ரொட்டி வேகும் வாசனை வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் பஃப்ஸ் பொட்டலத்தோடுதான் வருவார்கள்.

வெப் ஹோஸ்டிங் என்றால் என்னவென்று எங்கள் வீடுகளில் கடைசிவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. சர்ச்சில் யாராவது கேட்டால் என் அம்மா, "அவ கம்ப்யூட்டருக்குள்ள எடம் வாடகைக்கு குடுக்கா" என்பார். அது ஏறத்தாழ சரிதான். ஒரு பள்ளிக்கூடமோ கடையோ வெப்சைட் வைத்தால் அது எங்காவது ஒரு சர்வரில் இருந்தாக வேண்டும். நாங்கள் கொச்சியில் ஒரு டேட்டா சென்டரில் சில சர்வர்களை வாடகைக்கு எடுத்து, அவற்றைச் சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்து, பெரிய கம்பெனிகளின் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குக் கொடுத்தோம். தனுவச்சபுரத்து டியூஷன் சென்டர்கள், பூவாறில் இரண்டு அறை வைத்திருந்த ஒரு ஹோம்ஸ்டே, களியக்காவிளை தாண்டி ஒரு ரப்பர் நாற்றுப் பண்ணை, நாலைந்து சர்ச்சுகள், ஆயுர்வேத எண்ணெய் விற்ற ஒரு வைத்தியர். அந்த வைத்தியர் வீட்டில் கரண்ட் போனால் உடனே எங்களுக்கு போன் வரும். "மோளே, எனக்க சைட்ட காணல்ல." என் தோழி சலிக்காமல் கேட்பாள்: "வைத்தியரே, வீட்டுல லைட் எரியுதா?"

இவர்களோடு, கட்டணம் எதுவும் வாங்காமல் நாங்கள் வைத்திருந்த சைட் ஒன்று உண்டு. திருப்புறத்தில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவருடையது அது. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் இரண்டு பேரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். முதல் தடவை மாடியேறி வந்தபோது உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எனக்க பெஞ்சாதிக்கு ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் வேண்டி வந்துச்சு. நெகட்டிவாக்கும். ஆட்டோவ எடுத்துட்டு பூவாறுல இருந்து இங்க வரை ஓடினேன். கடைகடையா ஏறி, உங்க ரத்தம் என்ன குரூப்புன்னு கேட்டேன். கிட்டுச்சு. ஆனா அந்த ஓட்டத்த இனி வேற ஒருத்தன் ஓடப்பிடாது."

அதற்குப் பிறகு அவர் சவாரி ஏறுகிறவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு, அரிய வகை ரத்தம் உள்ளவர்களின் பெயரையும் போன் நம்பரையும் சேர்த்து வந்திருக்கிறார். தேவைப்படுகிறவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். ஓட்டத்தில் இருக்கும்போது அவரால் எடுக்க முடியாது. பட்டியலை ஆட்கள் தாங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்று கேட்டார். நான் ஒரு வாரத்தில் செய்து கொடுத்தேன். ரத்த வகையையும் ஊரையும் தட்டினால் பெயர்கள் வரும். யார் கடைசியாக எப்போது கொடுத்தார் என்பதும் வரும். அவர் ஸ்டாண்டில் ஆட்டோவை நிறுத்திப் போட்டுவிட்டு போனிலேயே அதைப் புதுப்பிப்பார். ஒருவர் துபாய்க்குப் போனால் அன்றைக்கே அவர் பெயரை எடுப்பார். திரும்பி வந்தால் சேர்ப்பார். சைட்டைப் பதிவு செய்ய ஒரு இமெயில் வேண்டும், அவரிடம் அது கிடையாது. எங்கள் கம்பெனி பெயரிலேயே ஒன்று உண்டாக்கிக் கொடுத்தேன். அதை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நான் போனில் சொல்லிவிடுவேன்.

அப்படி இருந்தபோதுதான் அந்தப் புதிய கம்பெனியின் விளம்பரம் வரத் தொடங்கியது. பெங்களூரில் இரண்டு மூன்று இளைஞர்கள் ஆரம்பித்தது. இன்வெஸ்டர்கள் பணம் போட்டிருந்தார்கள். முதல் வருடம் ஹோஸ்டிங் கிட்டத்தட்ட இலவசம், சைட்டின் முகவரியான டொமைனும் இலவசம். போனில் எதைத் திறந்தாலும் அந்த ஆரஞ்சு நிற விளம்பரம். அவர்கள் கேட்ட விலையில் டேட்டா சென்டர் வாடகைகூடக் கட்ட முடியாது என்று எங்களுக்குத் தெரியும். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நட்டத்தில் விற்பதற்காகத்தான் அவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்தது. எங்களுக்கு அப்படிக் கொடுக்க ஆள் இல்லை.

முதலில் டியூஷன் சென்டர்கள் போயின. பிறகு நாற்றுப் பண்ணை. எங்கள் சொந்த சர்ச்சும் போனது. அதன் செக்ரட்டரி ஞாயிறு ஆராதனை முடிந்து, வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார்.

"மோளே, நீ தப்பா நெனைக்கப்பிடாது."

"என்ன மாமா?"

"கமிட்டியில பேசினாவ. அந்த பெங்களூர் கம்பெனி சும்மா குடுக்கானாம். நான் சொன்னேன், நம்ம பிள்ளையாக்கும், வேண்டாம்னு. ஆளுக கேக்கல்ல."

"பரவால்ல மாமா. பேக்கப் எடுத்துத் தாறேன், அதக் குடுத்தா போதும். அவங்களே மாத்திக்கிடுவாங்க."

அவர் அதற்குப் பிறகும் போகாமல் நின்றார். நான் கோபப்பட்டிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும் என்று தோன்றியது. எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கமிட்டியில் நான் இருந்திருந்தாலும் வேறு என்ன சொல்லியிருப்பேன்? வீட்டுக்கு வந்து, வைக்க வேண்டிய சாம்பாரை வைத்தேன்.

இரண்டு வருடம் இப்படியே போனது. நாங்கள் எதுவும் செய்யாமல் இருந்தோம் என்றில்லை. கட்டணத்தைக் குறைத்தோம், ஒரு சர்வரைத் திருப்பிக் கொடுத்தோம், நேரில் போய்ப் பேசினோம். எல்லோரும் காபி கொடுத்து நல்லபடியாகப் பேசினார்கள். "உங்க சர்வீஸ் போல வராது" என்றார்கள். அடுத்த மாதம் போனார்கள்.

பிறகு அந்தக் கம்பெனியிலிருந்தே இரண்டு பேர் எங்கள் மாடிக்கு வந்தார்கள். ஒருவர் கோட்டயத்துக்காரர், முப்பது வயது இருக்கும், நல்ல மலையாளத்தில் பேசினார். இன்னொருவர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேசவே இல்லை. எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளை ஊர் ஊராக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றும், வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடக்கூட அடுத்த இன்வெஸ்டர் வருவார் என்றும் கோட்டயத்துக்காரர் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நான் ஆட்டோக்காரரின் பட்டியலைப் பற்றிக் கேட்டேன். "சேச்சி, அது இருந்துகொள்ளும். இப்படிப்பட்ட சைட்டால் எங்களுக்கு என்ன பாரம்? ஃப்ரீயாகவே வைக்கிறோம்" என்றார். அவர் பொய் சொன்னதாக இன்றும் நான் நினைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு நானும் தோழியும் அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம். விற்க வேண்டாம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"எட்டி, நீ கடைசியா எப்பம் போன வீட்டுல வச்சுட்டு ஒரு கல்யாணத்துக்குப் போன?" என்றாள் அவள்.

நான் யோசித்தேன்.

"யோசிக்காண்டாம். போவல்ல. நானும் போவல்ல. எனக்க தம்பிக்க கல்யாணத்துல தாலி கெட்டியப்போ நான் பந்தலுக்குப் பின்னால நின்னு ஒருத்தருக்கு பாஸ்வேர்டு சொல்லிக் குடுத்தேன். பதினோரு வருஷமாச்சு மக்கா. பாக்கி இருக்கியவங்களும் இந்த வருஷம் போவாவ. அப்பம் இவனுவளும் வரமாட்டானுவ."

அவள் சொன்னதில் ஒன்றும் தவறில்லை. அதியன்னூரில் அவள் வீட்டில் மாமனார் படுக்கையில் இருந்தார்; அவளுடைய கணவர் இருப்பது கத்தாரில். எனக்கும் முதுகுவலி தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு மாதம் கழித்து இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. சர்வர்களை ஒப்படைத்த பிறகு, வாடிக்கையாளர்களுடைய தகவலின் எந்த நகலும் எங்களிடம் இருக்கக்கூடாது. அழித்துவிட்டோம் என்று தனியாக எழுதித் தர வேண்டும். அது நியாயமான நிபந்தனைதான். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எங்கள் அலமாரியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வாராவாரம் எடுத்த பேக்கப் இருந்தது. ஒப்படைத்த மறுநாள் காலையில், பேக்கரியில் முதல் தட்டு ரொட்டி இறங்குகிற நேரத்தில், உட்கார்ந்து அழிக்கத் தொடங்கினேன். தோழி பக்கத்தில் இருந்தாள். ஆட்டோக்காரரின் போல்டர் வந்தபோது என் கை நின்றது.

"அத மட்டும் எடுத்து வச்சுக்கோ," என்றாள். "யாரு வந்து பாக்கப்போறா?"

"எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சே."

"அது கடைக்கும் கம்பெனிக்கும் உள்ளதாக்கும். இது ரத்தமில்லியா?"

"அதுல உள்ளது பிறத்தியாருக்க போன் நம்பராக்கும். நம்ம கையில இனி அது இருக்கப்பிடாது."

அழித்தேன். சரியாகச் செய்கிறேன் என்ற நிறைவு எனக்கு அப்போது இருந்தது. அதைத்தான் இன்று நினைத்தால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பின் ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. தோழி ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்ந்தாள். நான் வீட்டிலிருந்தே வெளியூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்தேன். ஆட்டோக்காரரை எப்போதாவது நெய்யாற்றின்கரையில் பார்ப்பேன். "சைட் எப்படி அண்ணா?" என்று கேட்பேன். "சொகமா ஓடுது" என்பார். பெங்களூர் கம்பெனிக்கு இன்னொரு பெரிய முதலீடு வந்ததாகச் செய்தி படித்தேன்; நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

அந்த அழைப்பு வந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"தங்கச்சி, சைட்டத் திறந்தா வேற என்னமோ வருது."

"என்ன வருது அண்ணா?"

"ஆரஞ்சு கலர்ல ஒரு பக்கம். இங்கிலீஷாக்கும். இங்க நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி முற்றத்துல நிக்கியேன். ஒரு பெண்பிள்ளைக்கு பிரசவம், நெகட்டிவ் ரத்தம் வேணும். அதுக்க மாப்பிள எனக்க பக்கத்துல நிக்கியான். கொஞ்சம் சீக்கிரம் பாரு."

திறந்து பார்த்தேன். அந்தப் பக்கத்தில், எங்கள் மலிவு ஹோஸ்டிங் சேவை முடிவுக்கு வந்துவிட்டது, உங்கள் ஆதரவுக்கு நன்றி, இனி பெரிய நிறுவனங்களுக்கான செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் முழுக் கவனம் செலுத்துகிறோம் என்று இருந்தது. முப்பது நாள் முன்பே எல்லோருக்கும் இமெயிலில் அறிவிப்பு அனுப்பியிருந்தார்களாம். அவருக்கும் அனுப்பியிருப்பார்கள். நான் உண்டாக்கிக் கொடுத்த, அவர் ஒருநாளும் திறக்காத, எங்கள் கம்பெனியோடு சேர்ந்து செத்துப்போன அந்த முகவரிக்கு.

போனைக் காதில் வைத்தபடியே அவர்களுடைய உதவிப் பக்கத்தைத் திறந்தேன். ஒரு இயந்திரம் பதில் சொன்னது. என் கணக்கு எண்ணைக் கேட்டது. எனக்குக் கணக்கு இல்லை. ஆட்டோக்காரரை ஹோல்டில் போட்டுவிட்டு கோட்டயத்துக்காரரின் நம்பருக்கு அழைத்தேன். அவர் எடுத்தார். "சேச்சி, நான் அங்கிருந்து போய் ஆறு மாசமாச்சு. அங்க எனக்குத் தெரிஞ்சவங்க யாருமே இப்ப இல்ல" என்றார். அவர் குரலும் இறங்கிவிட்டது.

ஆட்டோக்காரர் இணைப்பில் காத்துக்கொண்டே இருந்தார். முற்றத்தில் யாரோ சத்தமாகப் பேசுவது கேட்டது.

"அண்ணா, உங்களுக்கு ஞாபகம் உள்ள ஆளுகள விளியுங்க. நான் வாறேன்."

பஸ் கிடைத்து நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அவர் நினைவில் இருந்த நாலைந்து பேரை அழைத்திருந்தார். ஒருவர் வெளிநாட்டில். ஒருவர் போன மாதம்தான் கொடுத்தார். ஒரு நம்பர் மாறியிருந்தது. இத்தனை வருடம் அந்தப் பட்டியலை அவர் தலையில் சுமக்கவே தேவையில்லாமல் செய்தது நான்தான். அந்தப் பெண்ணின் கணவன் என்னைப் பார்த்து, "சேச்சிதான் அந்த சைட்டுக்காரியா?" என்று மலையாளத்தில் கேட்டான். அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ரத்தம் திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. டாக்டர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு நர்ஸ் வெளியே வந்து, தாயும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். ஆட்டோக்காரர் ஆட்டோவின் பின் சீட்டில் போய் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் பிழைத்ததில் எங்கள் பங்கு ஒன்றும் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"பட்டியல் திரும்பக் கிட்டுமா தங்கச்சி?"

"கேட்டுப் பாக்கியேன் அண்ணா."

கேட்டேன். மூன்று வாரம் கேட்டேன். எழுதினால், இந்தத் தளத்தின் உரிமையாளர் நீங்கள் இல்லை, உரிமையாளரே பதிவு செய்த இமெயிலிலிருந்து எழுத வேண்டும் என்று பதில் வந்தது. அந்த இமெயில் இல்லை என்று எழுதினேன். அப்படியானால் உரிமையாளர் புதிய இமெயிலுக்கு மாற்றக் கோரிப் பதிவு செய்த இமெயிலிலிருந்து எழுத வேண்டும் என்று வந்தது. ஒவ்வொரு பதிலின் கீழேயும் எங்கள் சேவை எப்படி இருந்தது என்று நட்சத்திரம் போடச் சொன்னார்கள். வெப்சைட்டுகளின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கிற இடத்திலும் தேடினேன். முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது. நான் செய்த தேடல் கட்டங்கள் இரண்டும் இருந்தன. உள்ளே ஒரு பெயரும் இல்லை.

கடைசியில் ஒரு பெண் என்னை போனில் அழைத்தாள். அந்தக் கம்பெனியின் உதவிப் பிரிவில் இருக்கிறவள், தொடுபுழைக்காரி. அழைத்தது அவளுடைய சொந்த நம்பரிலிருந்து.

"சேச்சியோட மெயில் எல்லாம் நான் படிச்சேன். இனியும் எழுத வேண்டாம். அந்த சர்வர்களைத் துடைச்சுத் திருப்பிக் கொடுத்தாச்சு. எதுவும் இல்ல."

"பேக்கப்?"

"அதுக்குக் காசு ஆகுதுன்னு முன்னாடியே நிறுத்திட்டாங்க." பிறகு, "எனக்கும் இங்க வேலை வெள்ளிக்கிழமையோட முடியுது. அதனாலதான் இதச் சொல்ல முடியுது" என்றாள்.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வேறு வேலை பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். போனை வைத்தோம்.

தோழி அன்று சாயங்காலமே வந்தாள். "அன்னைக்கு நான் சொன்னேன் இல்லியா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விற்க வேண்டும் என்று சொன்னது அவள், அழித்தது நான். யார் மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இரண்டு பேருக்குமே தெம்பு இல்லை.

பட்டியலை மறுபடி உண்டாக்கலாம் என்று சொன்னது ஆட்டோக்காரர்தான். அவர் போனில் மிச்சம் இருந்த நம்பர்கள் சில. பெயர் மறந்து வீடு மட்டும் நினைவிருந்தவை சில. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் அவருடைய ஆட்டோவில் ஏறிக்கொள்வோம். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்த வளவுக்குள்ள ஒரு மேஸ்திரி உண்டு, ஓ நெகட்டிவ்" என்பார். சில வீடுகளில் சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார்கள். சில வீடுகள் பூட்டியிருந்தன. முன்பு இருந்ததில் பாதிகூட இன்னும் ஆகவில்லை.

போன மாதம் அதியன்னூரில் ஒரு வீட்டுக்குப் போனோம். மகன் மூன்று தடவை ரத்தம் கொடுத்தவன், வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய அப்பா வெளியே வந்தார். ஆட்டோக்காரர் விஷயத்தைச் சொன்னார்.

"அவனுக்க நம்பர் முன்னாடியே தந்ததாக்குமே. அது எங்க?"

"அது போச்சு. கம்பெனி அடச்சுட்டானுவ."

"எந்தக் கம்பெனி? பாறசாலையில ரெண்டு பெண்ணுங்க நடத்தினதா?"

"அவிய பெங்களூர் கம்பெனிக்குக் குடுத்தாவ."

அவர் ஆட்டோவுக்குள் குனிந்து எங்களைப் பார்த்தார். நாங்கள்தான் அது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்பம் எனக்க மோனுக்க நம்பரையும் சேத்துதான் வித்தியளா?"

ஆட்டோக்காரர் இல்லை இல்லை என்று இடையில் ஏதோ சொல்ல வந்தார். நானும் வாயைத் திறந்தேன். வாடிக்கையாளர், ஒப்பந்தம், சர்வர் என்று எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லை எடுத்தாலும் அவர் கேட்டதற்கு இல்லை என்று ஆகாது.

"ஆமா," என்றாள் என் தோழி. "சேத்துதான் வித்தோம்."

அவர் கோபப்படவில்லை. "மோன் வரட்டும், கேக்கியேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மகன் இதுவரை கூப்பிடவில்லை. ஆட்டோக்காரர் வண்டியை எடுத்தார். அடுத்த வளைவில் ஒரு தையல்காரி, பி நெகட்டிவ், அவள் வீடு மாறியிருக்காவிட்டால்.